சித்திரைச் செலவு டிசெம்பரில் விழாமல் வங்கிக் கூற்றைச் செயலியில் ஏற்றுவது எப்படி?

2025 ஏப்ரல் 12 ஆம் திகதி வெள்ளவத்தையில் புத்தாண்டுக்கு உடுப்பு எடுத்தோம். அந்த 23,450 ரூபாவும் நான் அப்போது பாவித்த வரவுசெலவுச் செயலியில் டிசெம்பர் 4 ஆம் திகதிச் செலவாகப் போய் உட்கார்ந்திருந்தது. 12/04 என்பதை மாதம் முதலில், நாள் பிறகு என்று செயலி படித்துவிட்டது. 12 ஆம் திகதிக்குப் பிந்தியவை ஏறவே இல்லை. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே. முதல் பன்னிரண்டு நாள்களின் கணக்குத்தான் சத்தமில்லாமல் ஆண்டு முழுவதும் சிதறிப்போனது. ஏறாதவை கண்ணில் படும், இடம்மாறி ஏறியவை படாது. அதனால் இந்த விளக்கத்தில் பொத்தானை அழுத்துவதற்கு முந்திய வேலைகளே அதிக இடம் பிடிக்கும்.

செயலியைத் தெரிவு செய்தல்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிளெய்ட் போன்ற இடைச்சேவைகள் வங்கிக் கணக்கைச் செயலியோடு நேரே இணைத்துவிடுகின்றன. இலங்கை வங்கிகளை பிளெய்ட் இணைப்பதில்லை. கோப்பாக இறக்கி, கோப்பாக ஏற்றுவதே இங்கு நமக்குள்ள வழி. எனக்கு இதில் வருத்தமும் இல்லை, வங்கியின் கடவுச்சொல் என்னிடமே இருக்கிறது. இணையவழி வங்கிச் சேவையின் கடவுச்சொல்லைக் கேட்கும் செயலி எதுவானாலும் உடனே அழித்துவிடுங்கள்.

நான் இங்கே அக்சுவல் பட்ஜெட் என்ற செயலியை வைத்து விளக்குகிறேன். 2022 இல் திறந்த மூல மென்பொருளாக மாறியது, இலவசம். கணினியில் நிறுவி முதல் தடவை திறக்கும்போது சேவையகம் வேண்டாம் என்ற தெரிவை எடுத்தால் தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும். க்னூகேஷும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. பாடசாலையில் கணக்கீடு படித்தவர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் இரண்டாம் நாளே கைவிடுவார்கள்.

கூற்றை இறக்குதல்

வங்கியின் இணையத்தளத்தில் கணக்கைத் திறந்து, ஒரு முழு மாதத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். முதல் முயற்சியிலேயே மூன்று வருடக் கணக்கை ஏற்ற ஆசைப்பட வேண்டாம். பிழை வந்தால் முப்பது நிரைகளில் தேடலாம், மூவாயிரத்தில் தேட முடியாது.

கோப்பு வகைகளில் ஓ.எஃப்.எக்ஸ் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அதில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி அடையாள எண் உண்டு, அதனால் ஒரே பதிவு இரண்டு தடவை ஏறாது. அது இல்லாவிட்டால் சி.எஸ்.வி (காற்புள்ளியால் நிரல்களைப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அல்லது எக்செல்; எக்செலானால் பிறகு சி.எஸ்.வியாகச் சேமிக்க வேண்டும். பி.டி.எஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் டபுலா என்ற இலவச மென்பொருள் அதிலுள்ள அட்டவணையைப் பிரித்தெடுக்கும். அது உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குவது. மின்னஞ்சலில் வரும் கூற்று கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால், குரோமில் திறந்து, அச்சிடும் இடத்தில் பி.டி.எஃப் ஆகச் சேமி என்பதைக் கொடுத்துப் பூட்டில்லாத பிரதி ஒன்றை எடுங்கள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். காகிதக் கூற்றைப் படம்பிடித்துச் செய்த பி.டி.எஃப் டபுலாவுக்குப் புரியாது. இலவசமாக மாற்றித் தருகிறோம் என்னும் இணையத்தளங்களில் மட்டும் கூற்றை ஏற்றாதீர்கள். உங்கள் பெயர், முகவரி, சம்பளம், வாடகை எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கின்றன.

கோப்பைத் துப்புரவாக்குதல்

சி.எஸ்.வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். கணினியின் பிரதேச அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் எக்செல் உங்களைக் கேட்காமலே திகதிகளை மாற்றிப் படித்துவிடும். பிறகு வடிவத்தை எப்படி மாற்றினாலும் பிழை பிழையாகவே இருக்கும். நான் லிபரே ஓபிஸ் கல்க் பாவிக்கிறேன். அது கோப்பைத் திறக்குமுன் ஒரு பெட்டியைக் காட்டும். அதில் திகதி நிரலின் தலையைச் சொடுக்கி, நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கைத் தெரிவு செய்யுங்கள். திறந்த பின் அந்த நிரலின் வடிவத்தை ஆண்டு-மாதம்-நாள் என மாற்றுங்கள். 2025-04-12 என்று எழுதியதைச் செயலி வேறுவிதமாகப் படிக்க வழியில்லை.

அடுத்து, தலைப்பு நிரைக்கு மேலே வங்கி அச்சிட்டிருக்கும் பெயர், முகவரி, கணக்கிலக்கம் எல்லாவற்றையும் நீக்குங்கள். கடைசியில் வரும் மொத்த நிரையும் போகட்டும். ஆரம்ப மீதியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காற்புள்ளி. சி.எஸ்.வியில் நிரல்களைப் பிரிப்பதே காற்புள்ளிதான். 23,450.00 என்ற தொகை மேற்கோள் குறிகளுக்குள் இல்லாவிட்டால், 23 ஒரு நிரலிலும் 450.00 அடுத்த நிரலிலும் போய் விழும். ஆகவே தொகை நிரல்களில் ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் கோப்பு ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும் (தலைப்புகளைத் தமிழில் தருகிறேன்):

திகதி,விவரம்,பற்று,வரவு
2025-04-09,ஏ.ரி.எம்.,10000.00,
2025-04-10,சம்பளம்,,118000.00
2025-04-12,புடவைக் கடை,23450.00,
2025-04-15,செஃப்ட்ஸ் வாடகை,65000.00,
2025-04-15,செஃப்ட்ஸ் கட்டணம்,25.00,
2025-04-30,வட்டி,,212.40
2025-04-30,வட்டி மீதான வரி,21.24,

செஃப்ட்ஸ் என்பது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இணையவழியில் பணம் அனுப்பும் முறை. கடைசி நிரை சிலருக்குப் புதிதாக இருக்கலாம். வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 இலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. 212.40 க்கு 21.24. சிறு தொகைதானே என்று நீக்கிவிட்டால் கடைசியில் மீதி பொருந்தாது.

விவரங்களைத் தமிழில் எழுதியிருந்தால் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 குறியாக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். மறந்தால் செயலியில் கேள்விக்குறிகள்தான் வரும்.

ஏற்றுதல்

இது இரண்டு நிமிட வேலை. செயலியில் புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மீதி கேட்கும் இடத்தில் காகிதத்தில் குறித்த ஆரம்ப மீதியைக் கொடுங்கள். என் உதாரணத்தில் அது 42,650.00. அந்த ஆரம்ப மீதி இன்றைய திகதியில் பதிவாகும். அதை மார்ச் 31 ஆக மாற்றிவிடுங்கள்.

கணக்குப் பக்கத்தின் மேலே உள்ள இம்போர்ட் பொத்தானை அழுத்திக் கோப்பைத் தெரிவு செய்தால் ஒரு முன்னோட்டம் வரும். திகதி வடிவம் ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கிறதா பாருங்கள். முதல் நிரை தலைப்பு என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்க வேண்டும். பற்றும் வரவும் தனித்தனி நிரல்களில் இருப்பதால், தொகையை உள்வரவு, வெளிச்செலவு எனப் பிரிக்கும் தெரிவை இயக்கி, எது எந்த நிரல் என்று காட்டுங்கள். முன்னோட்டத்தில் சம்பளம் கூட்டலாகவும் வாடகை கழித்தலாகவும் தெரிந்தால் மட்டும் உறுதிசெய்யுங்கள்.

கடனட்டைக் கூற்றில் பெரும்பாலும் இது தலைகீழ். அங்கே வாங்கிய பொருளின் தொகை வெறும் எண்ணாக, குறியின்றி நிற்கும். தொகையின் குறியைத் திருப்பும் தெரிவு அதற்காகவே இருக்கிறது.

பெயரிடுதல்

கூற்றில் வரும் விவரங்கள் பல வேளை விடுகதைகள். கியூ.ஆர் குறியீட்டில் பணம் கொடுத்த மரக்கறிக் கடை, கடைக்காரரின் முழுப்பெயரில் வந்து நிற்கும். யார் இந்த ஆள் என்று நான் பத்து நிமிடம் யோசித்ததுண்டு. ஒரு தடவை வகைப்படுத்தியதும் அதற்கு ஒரு விதியை எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் அதே பெயர் வந்தால் செயலி தானாகவே மரக்கறிச் செலவில் போடும்.

சேமிப்புக் கணக்கிலிருந்து கடனட்டைக்குக் கட்டிய பணத்தைச் செலவு வகையில் சேர்க்காதீர்கள். அட்டையில் வாங்கியபோதே அது செலவாகிவிட்டது. கட்டுவது உங்கள் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும் பரிமாற்றம், அப்படியே பதியுங்கள். ஏ.ரி.எம்.மில் எடுத்த பத்தாயிரமும் அப்படித்தான்: கைப்பணம் என்று தனிக் கணக்கைத் தொடங்கி அங்கே மாற்றுங்கள். ஓட்டோவுக்கும் பாணுக்கும் போன ஒவ்வொரு ரூபாவையும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. வார இறுதியில் பணப்பையில் இருப்பதை எண்ணி, குறைந்ததைச் சில்லறைச் செலவு என்று ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன்.

மீதியைப் பொருத்துதல்

கணக்குப் பக்கத்தில் மீதிக்கருகே உள்ள பூட்டு அடையாளத்தை அழுத்தி, வங்கிக் கூற்றின் இறுதி மீதியைக் கொடுங்கள். என் உதாரணத்தில் 42,650.00 உடன் வரவு 118,212.40 ஐக் கூட்டி, பற்று 98,496.24 ஐக் கழித்தால் 62,366.16. கூற்றும் அதையே சொன்னால் பூட்டிவிடலாம்.

பொருந்தாவிட்டால் வித்தியாசத் தொகையை உற்றுப் பாருங்கள். அது ஒரு பதிவின் தொகையாகவே இருந்தால் அந்தப் பதிவு விடுபட்டிருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது. ஒரு தொகையின் சரியாக இரண்டு மடங்கு என்றால் குறி தவறியிருக்கிறது: வாடகை வரவாக ஏறினால் 130,000 வித்தியாசம் வரும். கையால் தட்டச்சிட்ட பதிவுகள் இருந்து, வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம்மாறியிருக்கக்கூடும். 540 ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தை மூடுவதற்குச் செயலி ஒரு சரிக்கட்டல் பதிவைத் தர முன்வரும். முதல் மாதத்தில் அதை ஏற்காமல் தேடிக் கண்டுபிடியுங்கள். எனக்கு ஒருமுறை 25 ரூபா இடித்தது; தேடிப் பார்த்தால் வாடகையோடு வந்த செஃப்ட்ஸ் கட்டணத்தை, துப்புரவு செய்கிறேன் என்று நானே அழித்திருந்தேன்.