மிரண்டுபோன ஆமையைத் தேற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீட்டில் நாயோ பூனையோ இருக்கும்போது நில ஆமையும் வளர்க்கிறவர்கள் பலர் செய்கிற முதல் தப்பு, "அதான் ஓடு இருக்கே, என்ன ஆகிடப் போகுது" என்று விட்டுவிடுவது. ஓடு வெறும் கவசம் இல்லை. மேலே கெரட்டின் (நம் நகத்தில் இருக்கிற பொருள்) தகடு, அதன் அடியில் உயிருள்ள எலும்பு, அதில் ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு, விலா எலும்பும் முதுகெலும்பும் அதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். நாய் விளையாட்டாக ஓரத்தைக் கடித்தாலும் வலிக்கும். பல் பதிந்திருந்தாலோ பூனை கீறி ரத்தம் வந்திருந்தாலோ, காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, கடிக்கவே இல்லை, சும்மா மோந்து பார்த்தது, அவ்வளவுதானே? அதுவே போதும். நாய், பூனை இரண்டும் வேட்டையாடும் இனம், ஆமைக்கு அது தெரியும். கத்தாது, ஓடாது, அதனால் நமக்குத்தான் தெரிவதில்லை. பயந்த ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடக்கும், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சில ஆமைகள் நேரெதிர்: கண்ணாடிச் சுவரோரமாகவே போய்ப் போய் வந்து பிறாண்டிக்கொண்டிருக்கும், இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டியின் வெளிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். மூக்கு உரசின ஈரத் தடம் இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் நாய் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நிலையில் "பக்கத்துல பக்கத்துல விட்டா பழகிடும்" என்று நேருக்கு நேர் கொண்டுபோய் வைப்பதைத்தான் நான் பெரிய தப்பு என்பேன். ஆமை அசையாமல் இருப்பதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம், அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. அதற்குத் தேவை நட்பு இல்லை, தனிமை. கதவு சாத்தக்கூடிய அறை, மேலே வலை மூடி, முழு உடம்பும் நுழைகிற மறைவிடம், கண்ணாடித் தொட்டி என்றால் ஆமையின் கண் மட்டத்துக்கு மேல்வரை வெளியே அட்டை ஒட்டி மறைப்பு. இன்னொரு ஆமையைத் துணைக்கு வாங்கி விடுவதும் வேண்டாம், நில ஆமைகள் பெரும்பாலும் தனியாக வாழ்கிறவை, புதிதாக வந்தது முட்டித் தள்ளினால் இருக்கிற பயம் இரட்டிப்பாகும்.

அறையை மாற்றும் அவசரத்தில் விளக்குகளை மறந்துவிடுகிறார்கள். ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது, குளிர்ந்தால் ஜீரணமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். பல நில ஆமைகளுக்கு வெயில் காயும் இடம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், இன்னொரு மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் இருக்கிற புற ஊதா பி கதிரைத் தருகிற யுவிபி (UVB) விளக்கும் கூடவே போகட்டும். ஜன்னல் வெயில் அதற்கு ஈடாகாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

அப்புறம், பாவமாக இருக்கிறதே என்று அடிக்கடி தூக்கிக் கொஞ்சுவது. தரையிலிருந்து தூக்குவதே அதற்கு ஒரு மிரட்டல்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் உட்காரவைப்பதற்கு மட்டும் தூக்குங்கள், தண்ணீர் தாடைக்குக் கீழேயே நிற்கட்டும், பக்கத்திலேயே இருங்கள். மிரளும்போது ஆமை சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்த நீரை வெளியேற்றிவிடும், அந்த இழப்பை இது ஈடுகட்டும். குளித்த தண்ணீரை நாய் நக்க விடக்கூடாது, சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சாப்பிடவில்லை என்று வாயைத் திறந்து திணிப்பது, இனிப்பான பழமாகக் கொடுத்து ஆசை காட்டுவது இரண்டும் வேண்டாம். அது வழக்கமாகச் சாப்பிடும் கீரையை மறைவிடத்து வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மூக்கில் குமிழி, வீங்கின கண், வாயைத் திறந்து மூச்சுவிடுவது என்று எது தெரிந்தாலோ, பயம் தெளியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேறி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் நாயோடு ஒரே தரையில் விடாதீர்கள். ஆமை நடக்கிற நேரத்தில் நாய் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.