வோல்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடை, திறன் கணக்கிடுவது எப்படி?

மின்தடை வேண்டுமென்றால் வோல்டை ஆம்பியரால் வகுங்கள், விடை ஓமில் வரும். திறன் வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்குங்கள், விடை வாட்டில் வரும். 12 வோல்டில் 3 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டர் காயிலுக்கு 12 ÷ 3 = 4 ஓம், 12 × 3 = 36 வாட். அதே காயிலுக்கு 6 வோல்ட் கொடுத்தால் திறன் பாதியாகும் என்றுதான் தோன்றும், ஆனால் மின்னோட்டமும் 1.5 ஆம்பியராகப் பாதியாகிவிடுவதால் கிடைப்பது 9 வாட், அதாவது கால்பங்குதான்.

மீட்டர் மில்லி ஆம்பியரில் காட்டினால் முதலில் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்குங்கள். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். இதை மறந்தால் விடை ஆயிரம் மடங்கு தப்பும்.

சரி, சூத்திரம் எல்லோருக்கும் வந்துவிடும், ஆனால் அதில் எந்த வோல்டைப் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எந்தப் பொருளின் மின்தடை வேண்டுமோ, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டைத்தான் போட வேண்டும், சப்ளை வோல்டை அல்ல. 12 வோல்ட் சப்ளையில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரியவிட வேண்டும், அது சுமார் 2 வோல்டை எடுத்துக்கொள்ளும், அதன் வழியே 20 மில்லி ஆம்பியர் ஓடினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடராகப் போடும் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட், ஆகவே 10 ÷ 0.02 = 500 ஓம். 12-ஐப் போட்டிருந்தால் 600 ஓம் என்று வந்திருக்கும். 500 ஓம் வழக்கமான மதிப்பு இல்லை என்பதால் அடுத்ததாகக் கிடைக்கும் 560 ஓமை எடுங்கள், மின்னோட்டம் சுமார் 18 மில்லி ஆம்பியராகக் குறையும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரெசிஸ்டரில் வெப்பமாவது 10 × 0.018 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும், அதனால் அரை வாட் போடுவதே நல்லது.

அளக்கும்போது வோல்ட் மீட்டரைப் பொருளுக்கு இணையாகவும், ஆம்பியர் மீட்டரைச் சுற்றைத் துண்டித்து நடுவில் தொடராகவும் வையுங்கள். ஆம்பியர் துளையில் வயரைச் செருகியபடியே சப்ளையின் இரு முனைகளைத் தொட்டுவிடாதீர்கள், அது ஷார்ட் சர்க்யூட்.

இரண்டு அளவுகளும் பொருள் வேலை செய்யும்போதே எடுத்தவையாக இருக்கட்டும். 230 வோல்டில் எரியும் 60 வாட் குண்டு பல்புக்கு 0.26 ஆம்பியர் ஓடும், கணக்குப்படி மின்தடை சுமார் 880 ஓம். அதையே அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம், டங்ஸ்டன் இழை சூடாகும்போது அதன் மின்தடை அவ்வளவு ஏறுகிறது.

அப்புறம், ஏ.சி. மின்சாரத்தில் (வீட்டு மின்சாரம்போல் திசை மாறி மாறி ஓடுவது) ஓடும் மோட்டாருக்கு இந்த நேரடிப் பெருக்கல் போதாது. 230 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் வருவது 460 வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது அதில் உண்மையான திறனாகும் பங்கு, 0.8 என்றால் உண்மையான திறன் 368 வாட். வகுத்தால் வரும் 115 ஓமும் கம்பியின் மின்தடை அல்ல, காயிலின் காந்த விளைவும் சேர்ந்த இம்பிடன்ஸ். ஹீட்டர், குண்டு பல்பு போன்றவற்றுக்கு ஏ.சி.யிலும் மேலே சொன்ன கணக்கே சரியாக வரும்.