ஏலத் திகதி வருவதற்கு முன் வீட்டை நாமே விற்பது எப்படி

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் தெஹிவளை வீட்டுக் கடனின் மாதத் தவணை 93,000 ரூபாயிலிருந்து 155,000 ஆகிவிட்டது. கடதாசித் தட்டுப்பாட்டில் என் கணவரின் அச்சகத்திலும் வேலை இல்லை. ஐந்து தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதங்களை அவர் தையல் மெஷின் லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். மகளின் சட்டைக்கு நூல் தேடும்போதுதான் பார்த்தேன். ஏழு கடிதம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

அதனால் முதல் வேலை, கடிதங்களைப் பிரித்துத் திகதி வரிசையில் அடுக்குவது. நமக்கு எவ்வளவு நாள் மிச்சம் என்பது அவற்றில்தான் இருக்கிறது.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2024இல் அதைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். அப்படி இன்னொரு முறை நடக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஏலம் விட வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தால் அது வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும். பத்திரிகையில் பார்த்துவிட்டு வருகிறவர் உங்கள் அவசரத்துக்குத்தான் விலை சொல்வார். தீர்மானத்துக்கு முன்பே விற்கப் பாருங்கள். அது முடியாமல் போனாலும், ஏல நாளுக்கு முன் கடன் பாக்கி முழுவதையும் வட்டியோடும் செலவோடும் கட்டினால் ஏலம் நிற்கும். ஏலம் நடந்தே விட்டால், கடன் போக மிஞ்சும் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக்குப் போகும்போது கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். தவணைக் காலத்தை நீட்டித் தர முடியுமா, கொஞ்ச மாதம் வட்டி மட்டும் கட்டலாமா என்று அதில் கேளுங்கள். இரண்டும் சரிவராவிட்டால் நானே விற்று அடைக்கிறேன், அவகாசம் தாருங்கள் என்றும் எழுதுங்கள். பிரதியில் முத்திரையும் திகதியும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். எங்களுக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான், “வங்கிக் கடனை நான் அடைக்கிறேன், வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பேருக்கு எழுதுங்கள், உங்களுக்குக் காசு வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்று ஒருவர் வருவார். எங்களிடமும் வந்தார், இனிப்புப் பெட்டியோடு. வேண்டாம். அறுதியாக எழுதிக் கொடுத்த உறுதியை வாய்ப்பேச்சை நம்பித் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) பார்க்காத எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் விலையை விடுங்கள். அந்த ஒழுங்கையில் கடைசியாக உறுதி முடிந்த காணி, பேர்ச் (காணியை அளக்கும் அலகு) ஒன்று என்ன விலைக்குப் போனது என்று நொத்தாரிசைக் கேளுங்கள். நாங்கள் 2 கோடி 60 இலட்சம் சொல்லி மூன்று மாதம் காத்திருந்தோம், வந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். அந்த நாட்களில் வட்டி மட்டும் மாதம் ஒன்றரை இலட்சம் ஏறியது. பத்து இலட்சம் கூடக் கிடைக்கும் என்று ஏழு மாதம் பொறுத்தால் அந்தப் பத்தும் வட்டிக்கே சரி. கடைசியில் 2 கோடி 15க்குக் கொடுத்தோம்.

வீட்டின் குறையை மறைக்காதீர்கள். பின்னறைச் சுவரில் ஈரக்கசிவு இருந்தது, நான் அலுமாரியை நகர்த்தி வைத்து மறைத்தேன். பார்க்க வந்த அம்மா ஒருவர் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினார். விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு நானே அந்தச் சுவரைக் காட்டினேன். வாங்கியவர் அவர்தான்.

உறுதி வங்கியில் இருந்தாலும் விற்கலாம். உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், வீதி எல்லைச் சான்றிதழ், சோலை வரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி) ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வங்கியிடம் செட்டில்மென்ட் கடிதம் கேளுங்கள். எந்தத் திகதிவரை எவ்வளவு, அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு வட்டி என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். எங்களுடையதில் இரண்டாவது இல்லை, கடைசி நாளில் 38,000 ரூபாய்க்கு ஓடித் திரிந்தோம். கையெழுத்து அன்று வாங்குபவர் இரண்டு பே ஓர்டர் (வங்கி எழுதித் தரும் காசுக் கட்டளை) கொண்டுவரட்டும், ஒன்று வங்கி பேரில், மற்றது உங்கள் பேரில். ஈடு மீட்ட பத்திரம் காணிப் பதிவகத்தில் பதிவாகும்வரை நொத்தாரிசை விடாதீர்கள்.

வரியைப் பற்றி ஒன்று. நீங்கள் குடியிருந்த பிரதான வீடு, விற்பதற்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் உங்கள் பேரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் வசித்திருந்தால், மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற இலாபத்துக்கான வரி, இல்லை. வசித்ததைக் காட்ட வாக்காளர் இடாப்புப் பிரதியை எடுத்து வையுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் வாங்குபவரின் முன்னாலேயே போனில் படம் எடுங்கள். எங்கள் பேரில் அதற்குப் பிறகும் இரண்டு பில் வந்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் தீர்த்தோம்.