கண்ணகி நகரில் யோகா வகுப்பா? சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்

போன மாதம் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். 200 மணி நேர யோகா பயிற்சியை முடித்த சூடு இன்னும் ஆறவில்லை, பால், முட்டை, மாமிசம் எல்லாவற்றையும் விட்டு வீகனாகி எட்டு மாதம், சென்னை ஓரத்துக் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வாரம் மூன்று நாள் இலவச வகுப்பு எடுக்க வேண்டுமாம். கையில் நோட்டீஸ் வேறு. முதல் வரி ஆசனம், இரண்டாவது வரி மூச்சு, மூன்றாவது வரி 'பால், முட்டை, மாமிசம் தவிர்ப்போம்'. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த நோட்டீஸிலும் இதே மூன்றாவது வரி இருந்தது.

ஆளுக்கொரு மேட் வாங்கிவரச் சொல்வது, ஆசனப் பெயர்களைச் சமஸ்கிருதத்தில் ஒப்பிப்பது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே தானாகப் புரிந்துவிடும். அதை விடுவோம்.

நேரம்

காலை ஆறு மணி வகுப்பு என்பது நம் வசதி. அங்கே பாதிப் பேர் அதற்குள் வீட்டு வேலைக்குப் பஸ் ஏறியிருப்பார்கள், மீதிப் பேர் குடத்தோடு நிற்பார்கள். மூன்று வாரம் மொட்டை மாடியில் நானும் ஒரு நாயுமாகச் சூரிய நமஸ்காரம் செய்த பிறகுதான் அவர்களையே கேட்கலாமே என்று தோன்றியது. மதியம் மூன்று மணி என்றார்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிடைக்கிற ஒரு மணி நேரம்.

சாப்பாடு

இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்று மணி வகுப்புக்கு 22 பேர் வந்தார்கள். நான்காவது வாரம், கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனம் முடிந்து எல்லோரும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலே, மாட்டுப் பண்ணையில் என்ன நடக்கிறது, கோழிப் பண்ணையில் என்ன நடக்கிறது என்று கால் மணி நேரம் பேசினேன். இதையெல்லாம் விட்டால் உடம்பு சுத்தமாகும் என்றேன். முன்வரிசையில் இருந்த அக்கா மீன் விற்கிறவர். உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "அப்போ கருவாடு தொட்ட கையோட இங்க வரக் கூடாதா டீச்சர்?"

ஐயோ, அப்படியில்லக்கா என்று என்னென்னவோ உளறினேன். அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நான்கு.

நான் பேசியது மாட்டையும் கோழியையும் பற்றி. அவர்கள் காதில் விழுந்தது வேறு. வீகன் என்றால் அங்கே சைவம், பால்கூடச் சேராத கடும் சைவம். நனிசைவம் என்று தமிழில் ஒரு சொல்கூட உண்டு, அதற்குள்ளும் சைவம்தான் உட்கார்ந்திருக்கிறது. வாடகை வீட்டு வாசலில் 'சைவம் மட்டும்' என்று எழுதினால் யாருக்கு வீடு இல்லை என்கிறார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் குடிசை மாற்று வாரியம் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. ஆற்றங்கரையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லித்தான் பல குடும்பங்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களிடம் போய் நானும் சுத்தம் பேசியிருக்கிறேன்.

வகுப்பு கலைந்ததுகூடப் பரவாயில்லை. மிஞ்சிய நான்கு பேரில் ஒருத்தி நான் சொன்னதை அப்படியே நம்பி, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகனிடம் பள்ளியில் முட்டை வாங்காதே என்று சொல்லியிருக்கிறாள். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவார்கள். அவன் இரண்டு மாதம் பழம் தின்ற பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, ஒரு பழத்தில் ஒரு கிராம் சொச்சம். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்த முட்டை, வாரம் ஐந்து ஆனது 2010-இல். அதைத்தான் நான் ஒரு பையன் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. தாவர உணவில் பி12 சத்து கிடையாது என்பதால், வீகனான இரண்டாம் வருடம் பாதம் மரத்து, நாக்கு எரிந்து, ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம் மாத்திரைக்கு வந்தவள் நான். அன்றைக்கும் அது என் கைப்பையில்தான் இருந்தது. மாத்திரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நம் வகுப்புக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டுகிறது என்பார்கள்.

நான் இன்றும் வீகன்தான். ஆனால் கேட்டால் மட்டும்தான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன், அப்போதும் எதையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்வேனே தவிர எதையும் விடச் சொல்வதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் போலக் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120தான். முருங்கைக் கீரை என்றால் மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொல்வேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, அதனால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்வேன். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்த மீன்கார அக்கா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூழு சரி, கருவாடு இல்லாம எப்படி எறங்கும்?" என்றார். இப்போதெல்லாம் அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

முட்டி

நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறவர்களை முட்டியை மடக்கிக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் மடக்காதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. இதே சென்னையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்' என்ற யோகா பள்ளியும் அந்த வழிதான். எனக்குத்தான் நாற்காலி என்றால் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

ஓம்

மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் தொழுகை வைக்கிறவர்களும் வருவார்கள். மூச்சு போதும்.

கபாலபாதி

வயிற்றை உதறி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற பயிற்சி இது. பிரஷர் இருக்கிறதா, முழுகாமல் இருக்கிறார்களா என்று கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

போட்டோ

எடுக்காதீர்கள். சவாசனத்தில் கிடக்கும்போது சுத்தமாகக் கூடாது.