தலையில் அடிபட்ட பிறகு தூக்கத்தை மீட்ட வழி: படிப்படியாக

குண்டு வெடித்த அதிர்வில் சில நிமிடங்கள் நினைவிழந்தேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. லேசான மூளைக்காயம் என்றார்கள். தலைவலி போனது, தூக்கம் திரும்பவில்லை. அதை மீட்டது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான், அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

படி 1: குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை, வலிப்பு ஆகியவை உண்டா என மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு இருந்தால் படி 3ஐ அவர் அனுமதியின்றித் தொடவே கூடாது.

படி 2: இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு. காகிதமும் பென்சிலும் போதும். கைக்கடிகாரக் கருவியை நம்பாதீர்கள். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது தூக்கமாக எண்ணிவிடும். அடிபட்ட தலைக்குத் திரை வெளிச்சமும் ஆகாது. எவ்வளவு நேரம் படுத்தீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதைக் காலையில் எழுந்ததும் எழுதுங்கள், மாலைக்குள் மறந்துவிடும்.

படி 3: படுக்கை நேரத்தைக் குறைப்பது. நான் வழுக்கிய இடம் இது. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்கினேன். ஆகவே படுக்கையிலும் ஐந்தரை மணி நேரம் மட்டும்: நள்ளிரவு 12.30க்குப் படுத்து காலை 6க்கு எழ வேண்டும். எழும் நேரம் விடுமுறையிலும் மாறாது. படுக்கை நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கிய வாரத்துக்குப் பிறகு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம்.

முதல் வாரம் எனக்கு எதுவும் பலிக்கவில்லை. காரணம், மாலை எட்டு மணிக்கு நாற்காலியிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்தேன். காயத்துக்குப் பின் வரும் களைப்பு அப்படித்தான் இழுக்கும். அந்தச் சிறு உறக்கம் இரவுக்கான தூக்கத்தைத் தின்றுவிட்டது. எட்டு மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது.

படி 4: உறக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள்.

படி 5: 'நான் தூங்கினால் காவலுக்கு யார்?' என்ற எண்ணம். கதவை ஒரே முறை, குறித்த நேரத்தில் பார்த்துவிட்டு, கவலைகளை மாலையிலேயே எழுதிவிடுவேன். இதற்கு சிகிச்சையாளரின் துணை அவசியம். தனியாக முயன்றபோது எனக்குக் கைகூடவில்லை.

பின்சேர்க்கை: இரவுக் காவல் பணியில் இருப்பவர்கள் பலர், இது உங்களுக்கும் சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். பணிநேரம் மாறிக்கொண்டே இருக்கும்போது எழும் நேரத்தை நிலையாக்க முடியாது. சில வாரம் நிலையான பணி கிடைக்கும்போது தொடங்குங்கள். படி 3இன் ஆரம்பத்தில் பகலில் கண் சொக்கும். வண்டி ஓட்டுவதையும் ஆயுதம் ஏந்துவதையும் தவிர்க்க, மேலதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கெட்ட கனவுகளுக்குத் தனிச் சிகிச்சை உண்டு, அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.