புது கோச்சுக்கு ஆள் எடுக்கத் தெரியுமா? அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் புது கோச் வந்ததும் ரசிகர்கள் செய்கிற முதல் தவறு, அந்த வருடம் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்துப் போட்ட பள்ளிப் பையன்களின் தரவரிசையைப் பார்த்து "இவருக்கு ரெக்ரூட்டிங் (ஆள் சேர்ப்பது) வராது" என்று முடிவு கட்டுவது. பெரும்பாலும் நவம்பர் கடைசியில்தான் கோச் மாறுகிறார், 2017-லிருந்து டிசம்பரிலேயே முதல் கையெழுத்துக் காலம் வந்துவிடுகிறது, ஆக அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும் வருடக்கணக்கில் பேசிப் பழகியவர் பழைய கோச், புதியவருக்குக் கிடைப்பது சில நாட்கள். நிக் சேபன் 2007 ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு கோச்சாக வந்தார். முதல் சீசனில் லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம்கூடத் தோற்று 7-6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்தார். அவர் முழுதாக ஒரு வருடம் உழைத்துச் சேர்த்த 2008 வகுப்பில்தான் (அந்த வருடம் சேர்ந்த புது வீரர்கள்) ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டான்டா ஹைடவர் எல்லாம் வந்தார்கள், 2009-ல் தேசியப் பட்டமும் வந்தது. இரண்டாவது வகுப்பு வரும்வரை பொறுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்காக, தரவரிசை போடுபவர்கள் பையன்களுக்குக் கொடுக்கும் நட்சத்திரங்களை (அதிகபட்சம் ஐந்து) மட்டும் எண்ணிக்கொண்டும் இருக்கக் கூடாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் ஜிம்போ ஃபிஷர் (அவர் அப்போது புது கோச் இல்லைதான்) 2022-ல் சேர்த்த வகுப்புக்கு, தரவரிசையில் அதுவரை யாருக்கும் கிடைக்காத மதிப்பெண் கிடைத்தது. அந்த சீசன் 5-7. அதில் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள், 2023 நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். சேர்த்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, எனக்கென்னவோ அதுதான் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். பள்ளிப் பையன்களை மட்டும் வைத்து மதிப்பிடுவது பாதிப் படம் பார்ப்பதுதான். 2023-ல் 3-9 என்று கிடந்த இண்டியானாவுக்கு வந்த கர்ட் சிக்னெட்டி, தன் பழைய கல்லூரி ஜேம்ஸ் மேடிசனிலிருந்தே ஒரு கூட்டத்தை அழைத்து வந்தார், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு கர்டிஸ் ரூர்க்கை ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தார். 2024-ல் 11 வெற்றி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றிலும் இடம். பெரிய நட்சத்திரங்கள் இல்லை, ஆனால் ஏற்கெனவே கல்லூரி மைதானத்தில் ஆடிக் காட்டியவர்கள்.

பணத்தையும் மறக்க வேண்டாம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிறது. கொழுத்த பட்ஜெட்டில் ஐந்து நட்சத்திரப் பையன் வந்தால் பாராட்டு கோச்சுக்கா, பணம் போட்டவருக்கா? அதனால் வாண்டர்பில்ட் மாதிரிச் சிறிய கல்லூரியை அலபாமாவோடு ஒப்பிடாமல், அதே கல்லூரியில் முந்தைய கோச் என்ன செய்தார் என்று பாருங்கள். ஜூன் மாதத் தரவரிசையை விட்டுவிடுங்கள், அதில் யார் அதிகம் பேரைச் சீக்கிரம் சேர்த்தாரோ அவர் மேலே நிற்பார், அவ்வளவுதான்.

இன்னொன்று, வீடு வீடாகப் போய் உறவைக் காப்பாற்றுவது பெரும்பாலும் உதவி கோச்கள். நல்லவர் ஒருவர் வேறு வேலைக்குப் போனால், அவர் பேசிவைத்த பையன்கள் மனசு மாறுகிறார்களா என்று கவனியுங்கள். தலைமை கோச்சின் பிடி எவ்வளவு என்று அப்போது தெரியும்.