கிட்னி பழுதான நாய்க்கு மீன் முள் வேண்டாம்

எங்க ஊர் மண்டபம் பக்கம் நாய்ச்சோறுன்னா மீன் தலையும் முள்ளும்தான். கிட்னி கெட்ட நாய்க்கு அதுதான் வினை. முள்ளில் பாஸ்பரஸ் அதிகம், பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. கருவாட்டில் உப்பு வேறு. கிட்னி கெட்ட எங்க நாய் மணி நெத்திலி காயுற பாயை விட்டு நகரமாட்டான். அதனால் காயப்போடும் நேரம் அவனைக் கட்டிப்போடுறோம்.

டாக்டர் சொன்னபடி அவனுக்கு உப்பில்லாத குழைந்த சோறு, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் கூடுதல், அது எனக்கு!

வாசலெல்லாம் மூத்திரம் போறானேன்னு தண்ணியை மட்டும் குறைச்சிராதீங்க. வெளியே போற நீரை ஈடுகட்டத்தான் அவ்வளவு குடிக்கிறான். நம்ம கிணத்துத் தண்ணி உப்பு. அவனுக்கும் குடத்தில் வாங்குற நல்ல தண்ணிதான், நிழலில் மண்சட்டியில். தினமும் ஈறைத் தொட்டுப் பார்ப்பேன். வழுவழுப்பு இல்லாமல் பிசுக்குன்னு ஒட்டினால் உடம்பில் நீர் வத்துதுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருவோம்.

நொண்டுறானேன்னு வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையைக் கொடுத்துராதீங்க. புரூஃபன், டைக்ளோபினாக் ரெண்டுமே மிச்சமிருக்கிற கிட்னியையும் தின்னுரும்.